மாம்பழ உடம்பு, அரக்குக் கரை

காஞ்சிபுரம் பக்கத்து ஐயம்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி மிலிட்டரிக்காரர் வீடு எது என்று கேட்டால், துப்பாக்கி மிலிட்டரியா புடவை மிலிட்டரியா என்று திருப்பிக் கேட்பார்கள். புடவை மிலிட்டரி என்றால் தேவசகாயம். இருபத்துநாலு வருஷம் பனியிலும் மணலிலும் கிடந்துவிட்டு ஹவில்தாராக வெளியே வந்த மனிதர். அந்தத் தெருவில் பட்டாளத்துக்குப் போய் வந்தவர்கள் இன்னும் இரண்டு பேர் உண்டு. அவர்கள் வாயைத் திறந்தால் குண்டு வெடிக்கும், பனிப்பாறை உருளும். தேவசகாயம் வாயைத் திறந்தால் புடவைதான் வரும். நாலு கர்னல் வீட்டம்மா, ஆறு மேஜர் வீட்டம்மா, ஒரு பிரிகேடியர் வீட்டம்மா, அத்தனை பேரும் தான் கொண்டுபோய்க் கொடுத்த பட்டைத்தான் கட்டினார்கள், ஒருத்தர் ஒரு குறை சொன்னதில்லை என்பார். அவர் பட்டாளத்தில் சுமந்ததில் பாதி புடவை என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். காதில் விழுந்தாலும் கோபப்பட மாட்டார். மீதிப் பாதியை உங்க அப்பனா சுமந்தான் என்று மட்டும் கேட்பார்.

காஞ்சிபுரத்துக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தால் அவன் தலையெழுத்து அது. லீவு கையெழுத்தாகிற அன்றைக்கே கூட இருப்பவர்கள் சீட்டெழுதிக்கொண்டு வந்து நீட்டுவார்கள். தங்கச்சிக்கு நிச்சயம், பச்சையில் ஒன்று. ஆபீசர் வீட்டு மேம்சாப்புக்கு ஊதாவில் ஒன்று. யாரும் பில் கேட்பதில்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதில்லை. காஞ்சிபுரத்தான் கொண்டுவருகிறான், அது போதும். அந்த நம்பிக்கையைத்தான் தேவசகாயம் மெடல் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தார். நிஜ மெடல்கள் இரண்டும் மகள் சுகாசினியின் கல்லூரிச் சான்றிதழ்களோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் கிடந்தன.

அவர் புடவையைக் கடையில் எடுத்ததே இல்லை. அவர் வீட்டுக்காரி பொன்னியம்மாள் பிள்ளையார்பாளையத்தில் ரேணுகாம்பாள் வீட்டுத் தறிக்குப் போகிறவள். உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நெய்கிற புடவைக்கு, இரண்டையும் இழைக்கு இழை கோத்துப் பிடிக்கத் தறியில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். கோர்வை இழுப்பது என்பார்கள். பொன்னியம்மாள் பத்து வயதில் உட்கார்ந்தவள், ஐம்பதைத் தொட்டபிறகும் உட்காருகிறாள். கண்ணை மூடிக்கொண்டு கரையும் உடம்பும் சேருகிற இடத்தில் விரலை ஓட்டினால், இது கோர்வைதானா, எந்த வீட்டுக் கோர்வை, இழுத்தவள் அன்றைக்குச் சாப்பிட்டாளா இல்லையா என்பது வரை சொல்லிவிடுவாள் என்று ரேணுகாம்பாளே சொல்வாள். சொல்லிவிட்டு, கூலியை மட்டும் ஏற்ற மாட்டாள்.

இந்த வருஷம் பட்டாளத்துக் குடும்பச் சந்திப்பு காஞ்சிபுரத்தில் என்று முடிவானது. ஒரே யூனிட்டில் இருந்தவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள், வருஷத்துக்கு ஒரு நாள் எங்காவது கூடி, பழையதைப் பேசிச் சிரித்து, பிரியாணி சாப்பிட்டுக் கலைவார்கள். போன வருஷம் திருவண்ணாமலை, அதற்கு முந்தி வேலூர். இது தேவசகாயத்தின் முறை. ஓரிக்கையில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தைப் பிடித்தார். வெளியூர்க்காரர்கள் கேட்பார்களே என்று மந்தார இலையில் வேக வைத்த கோயில் இட்லிக்குச் சொன்னார். இவருக்குக் கோயில் ஏது, சர்ச்சில் இட்லி கொடுப்பதில்லையா என்று தெருவில் கேட்டவர்களுக்கு, மிளகும் சுக்கும் எந்த மதம் என்று பதில் சொன்னார். வாரம் பூராவும் நடையே ஒரு மாதிரி, லெப்ட் ரைட் என்று இருந்தது.

பொன்னியம்மாள்தான் சரியில்லை. இரண்டு நாள் ஷேர் ஆட்டோவைத் தவறவிட்டாள். தறியில் கோர்வையைத் தப்பாக இழுத்து, இரண்டு விரற்கடை நெய்ததைப் பிரிக்க வேண்டி வந்தது. "முப்பது வருசத்துல நீ பிரிக்கறத நான் பாத்ததில்லையே பொன்னி" என்று ரேணுகாம்பாள் கேட்டதற்கு, கண் சரியாகத் தெரியவில்லை என்றாள். கண்ணாடி போடலாமே என்று தெருவில் நாலு பேர் நாலு டாக்டர் பெயரைச் சொன்னார்கள். கண்ணில் ஒன்றுமில்லை. வருகிறவர்கள் பட்டியலைத் தேவசகாயம் போனில் பார்த்துச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது, பதினாலாவது பெயராக "புவனேஸ்வரி, குடியாத்தம். நம்ம கலைவாணன் வீட்டுக்காரி. இத்தினி வருசத்துல மொத மொறை வருதுப்பா" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது அது.

கலைவாணன் செத்து இருபத்தாறு வருஷம். குண்டடி பட்டெல்லாம் சாகவில்லை. மலைப்பாதையில் ரேஷன் ஏற்றிப் போன லாரி உருண்டு, அதில் இருந்த மூன்று பேரில் ஒருவனாகச் செத்தான். அதற்கு நாலு மாதம் முந்தி, ஒரு பங்குனியில் தேவசகாயம் லீவில் வந்தபோது கலைவாணனும் சீட்டெழுதிக் கொடுத்திருந்தான். பெண்டாட்டிக்கு வளைகாப்பு. கலியாணத்துக்குப் பட்டு எடுக்க முடியவில்லை, இதற்காவது நல்லதாக ஒன்று என்று.

ரேணுகாம்பாள் தறியிலிருந்து மூன்று புடவை வந்தது. இரண்டு கர்னல் வீட்டம்மாக்களுக்கு. மூன்றாவது கலைவாணனுடையது. மாம்பழ உடம்பு, அரக்குக் கரை, கரையில் கோபுரம் கோபுரமாகச் சரிகை. பதினெட்டு நாள் அதற்குக் கோர்வை இழுத்தவள் பொன்னியம்மாள். மூன்றும் அவள் வீட்டில் மூன்று நாள் இருந்தன.

அவள் அப்போது இருபத்துநாலு வயசுக்காரி. பத்து வயதிலிருந்து பட்டைத் தொட்டுக்கொண்டே இருந்தவள், ஒரு நாள் கட்டினதில்லை. கலியாணத்துக்குக் கட்டினது பாலியஸ்டர். மூன்றாம் நாள் காலையில், கோயில் வாசலில் டூரிஸ்ட் பஸ்காரர்களுக்கென்றே விற்கிற புடவைகளில் அதே மாம்பழம், அதே அரக்கு, அதே கோபுரம் போட்டு ஒன்றைப் பார்த்தாள். பட்டு மாதிரி இருக்கும், பட்டு இல்லை. சீட்டுக் கட்டிச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் அதை வாங்கி வந்து, உறைக்குள் அதை வைத்துப் பட்டை எடுத்துக்கொண்டாள். தேவசகாயம் மேலே நூல் கட்டிப் பெட்டியில் வைத்தார். துப்பாக்கியைப் பிரித்துக் கோக்கிற மனுஷனுக்குப் புடவையில் எது பட்டு எது பாலியஸ்டர் என்று தெரியாது, சாகும்வரை தெரியாது.

காஞ்சிபுரத்தாருக்கு ஒரு நினைப்பு உண்டு. பட்டு நமக்குத்தான் தெரியும், வெளியூர்க்காரனுக்கு மினுக்கினால் போதும் என்று. குடியாத்தம் பக்கத்துக் குக்கிராமத்துக்குப் பட்டைப் பற்றி இன்னா தெரியும் என்று அவளும் நினைத்தாள். தான் இழுத்த கோர்வை, தன் கை பட்ட புடவை, அதனால் எடுத்தோம் என்று பின்னால் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். கர்னல் வீட்டம்மா புடவைகளிலும் அவள் கைதான் பட்டிருந்தது. அவற்றைத் தொடுகிற தைரியம் அவளுக்கு வரவில்லை. அங்கேதான் அந்தச் சமாதானம் இடித்தது.

புருஷன் ரயிலேறிய மறுநாள், பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கட்டிப் பார்த்தாள். வீட்டில் இருந்தது உள்ளங்கை அகலக் கண்ணாடி. தோளைக் காட்டினால் இடுப்பு தெரியாது, இடுப்பைக் காட்டினால் கரை தெரியாது. துண்டு துண்டாகத்தான் பார்க்க முடிந்தது. அவிழ்த்து மடித்து வைத்தாள். ஊரில் எந்த விசேஷத்துக்குக் கட்டினாலும் ஏது என்று கேட்பார்கள். ஆடி மாதம் புருஷனிடமிருந்து கடிதம் வந்தது. கலைவாணன் போய்விட்டான் என்று நாலு வரி. அன்றைக்குக் கம்பளிப் பெட்டியின் அடியில் போனது அந்தப் புடவை. பெட்டிச் சாவி அவள் தாலிக்கொடியில் கிடந்தது. பெட்டியைத் திறப்பாள், கம்பளியை எடுப்பாள், அடியில் கை விடமாட்டாள்.

சந்திப்பு நாள் இரண்டாம் சனிக்கிழமை. விடிந்ததும் ஒரு மழை கொட்டி, மண்டப வாசலில் போட்ட கோலத்தைக் கரைத்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி வெயில் அடித்தது. பொன்னியம்மாள் வாசலில் பன்னீர்ச் சொம்பும் கற்கண்டுத் தட்டுமாக நின்றாள். பாலாற்றுப் பாலம் பக்கமிருந்து ஒரு ஆட்டோ வந்து நின்றது. தனியாக ஒருத்தி இறங்கினாள். நாற்பத்தெட்டு ஐம்பது வயசு, பருத்த உடம்பு, கையில் ஒரு பை.

பொன்னியம்மாள் முகத்தைப் பார்க்கவில்லை. கரையைத்தான் பார்த்தாள். மாம்பழ உடம்பு, அரக்குக் கரை. இருபதடி தள்ளி நிற்கும்போதே தெரிந்தது. கரையும் உடம்பும் சேருகிற இடத்தில் ஒரு நிறம் இன்னொன்றில் கசிந்து கிடந்தது. அதில் எவளும் கோர்வை இழுக்கவில்லை.

"நீங்கதான் பொன்னியக்காவா? நான் கலைவாணன் ஊட்டுக்காரி" என்று வந்தவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சத்துணவு சமையலில் இருபது வருஷம் கரண்டி பிடித்த கை, சொரசொரவென்று இருந்தது. "அவுரு லெட்டருல உங்க ஊட்டுக்காரரைத்தான் எழுதுவாரு. தேவசகாயம் அண்ணா ரொட்டி குடுத்தாரு, தேவசகாயம் அண்ணா போர்வை குடுத்தாருன்னு. பையன் ஓசூர்ல வேலைக்குப் போயிட்டான், இனிமே நாலு எடம் போகலாம்னு வந்துட்டேன்."

பொன்னியம்மாள் கரையைப் பார்த்துக்கொண்டே பன்னீரைத் தெளித்ததில், வந்தவள் மூக்கில் பாதி விழுந்தது. அதற்கும் புவனேஸ்வரி சிரித்தாள். சிரிக்கிற பிறவி.

கூட்டத்தை நடத்துகிறவர் அரக்கோணத்து ஜான்சன். கையில் மைக் கொடுத்தால் திரும்ப வாங்கப் பட்டாளத்திலிருந்து ஒரு செக்‌ஷன் ஆள் வேண்டும். அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு: மைக்குக்கு வருகிற ஆம்பளை தன் பட்டாள நம்பர், ராங்க், பேர் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். பெண்கள் வீட்டுக்காரர் நம்பரைச் சொல்ல வேண்டும். மறந்தால் பாட்டு. ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பெண் தடுக்கிவிழுந்து பாட்டுப் பாடுவதும், அவள் புருஷன் தலையில் கைவைப்பதும்தான் கூட்டத்தின் பெரிய வேடிக்கை.

இட்லி ஆனதும் பேச்சு தொடங்கியது. கேன்டீன் ரம்மைத் திருடிக் குடித்த கோவேறு கழுதையைப் பற்றி ஒருவர் சொன்னார். பல் வலிக்குப் போய் நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த கதையை இன்னொருவர் பல்லைக் காட்டிச் சொன்னார். தேவசகாயம் தன் முறை வந்ததும் புடவையைத்தான் எடுத்தார். கர்னல் வீட்டம்மா, மேஜர் வீட்டம்மா எல்லாம் ஆனபிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கடைசியா நம்ம கலைவாணன் ஊட்டுக்கு ஒன்னு எடுத்தாந்தேன். வளைகாப்பு முடிஞ்சு திரும்பி வந்தான். புடவை எப்டிடா இருந்துச்சுன்னு கேட்டேன். 'எல்லாரும் பாத்தாங்கண்ணா'ன்னான். அவ்வளவுதான் சொன்னான். அதுக்கு மேல ஒரு மனுசன் இன்னா சொல்லணும்? இருபத்தாறு வருசமா அந்த ஒரு வார்த்தைய நான் வச்சிக்கினு இருக்கறேன்."

கைதட்டினார்கள். பொன்னியம்மாள் கடைசி வரிசைக்குப் பின்னால் டீத் தட்டோடு நின்றிருந்தாள். புவனேஸ்வரி திரும்பித் தேவசகாயத்தைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லாததை மண்டபத்தில் வேறு யாரும் கவனிக்கவில்லை. ஆனால் தன் பெயரை ஜான்சன் கூப்பிட்டதும் அவள் பழையபடி முகத்தைச் சிரிப்பாக்கிக்கொண்டு போனாள். கலைவாணன் நம்பரை ஒரு இலக்கம்கூடத் தடுமாறாமல் சொன்னாள். ஜான்சனே ஒரு நிமிஷம் அசந்துவிட்டார்.

"அண்ணா புடவையப் பத்திச் சொன்னாரு. நானும் அதையேதான் சொல்லணும்னு கட்டிக்கினு வந்தேன்" என்று ஆரம்பித்தாள். "அண்ணா எடுத்தாந்தது எதுவோ, எனக்கு வந்தது இதான். காஞ்சிபுரத்துப் பட்டு, தறியிலேருந்து நேரா வந்ததுன்னு எங்க ஊட்டுக்காரு ஊரு பூரா சொல்லிட்டாரு. நானும் மகாராணி கணக்கா கட்டிக்கினு வளைகாப்புக்கு ஒக்காந்துட்டேன். எங்க பெரியத்தை ஒன்னு, கை சும்மா இருக்காது. முந்தானையில ஒரு நூலப் பிச்சு விளக்குல காட்டுச்சு. பட்டுன்னா முடி கருகுற நாத்தம் வரும், சாம்பலா உதுந்துடும். உங்க ஊருல சொல்லணுமா அத. இது உருகி, கடுகு கணக்கா உருண்டு நின்னுச்சு. அந்தக் கடுக உள்ளங்கையில வச்சிக்கினு, வளையல் போட வந்த அத்தினி பேருகிட்டயும் காட்டுச்சு."

சிரிப்பு கிளம்பியது.

"நான் வுடல. எந்த ரயிலடியில எடுத்த, எவளுக்கு எடுத்தது மீந்து போச்சுன்னு கேட்டேன். தறியில எடுத்தது, தறியில எடுத்ததுன்னு அதையேதான் சொல்றாரு. யாரு எடுத்து குடுத்தாங்க, பேரச் சொல்லுன்னா அதுக்கு வாயத் தொறக்கல. இத்தினி வருசம் பட்டாளத்துல இருந்து, ஒரு பொய்ய ஒழுங்கா சொல்லக் கத்துக்கல பாருங்க."

மண்டபமே சிரித்தது. ஜான்சன் தொடையில் தட்டி, கலைவாணன் சீட்டாட்டத்திலும் அப்படித்தான், முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவோம் என்றார். சீட்டில் அவன் செய்த தில்லுமுல்லு ஒன்றை இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். செத்தவனைப் பற்றி இருபத்தாறு வருஷம் நல்லதே பேசி அலுத்தவர்களுக்கு அது ஒரு விடுதலை மாதிரி இருந்தது.

புவனேஸ்வரி முந்தானையை விரித்துக் காட்டினாள். "நிஜப் பட்டா இருந்தா இந்நேரம் கிழிஞ்சிருக்கும். எங்க ஊட்டுக்காரு சொன்ன பொய்யி, ஒரு இழை போவல, அப்படியே இருக்குது" என்றாள். அதற்கும் சிரிப்பு. சிரிப்பு அடங்கின இடத்தில், "லீவு முடிஞ்சு போன அன்னிக்கு நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போவல. கோவம். அப்புறம் அவுரு வரல" என்று அதே சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பிரியாணிக்கு எழுந்தார்கள். தேவசகாயம் எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, நேராகப் புவனேஸ்வரியிடம் போய், அந்தப் புடவையைத் தறியிலிருந்து எடுத்து வந்தவன் நான்தான், கலைவாணன் என் பேரைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டான் போலிருக்கிறது, என்னை எவளோ ஏமாற்றிவிட்டாள், இன்றைக்குள் விசாரித்துச் சொல்கிறேன் என்று படபடவென்று சொன்னார். அவள் ஏதோ கேட்பதற்குள் வெளியே போய்விட்டார். கை நனைக்கவில்லை.

மண்டபத்தின் பின்பக்கம், சமையல் தேக்சாக்கள் கவிழ்ந்து கிடந்த இடத்தில் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தவரைப் பொன்னியம்மாள் வழிமறித்தாள். ரேணுகாம்பாளிடம் போகிறேன் என்றார். தெருவைக் கூட்டிக் கேட்கிறேன், முப்பது வருஷமாக உன் உழைப்பையும் தின்றுவிட்டு என் கையிலேயே பொய்ச் சரக்கைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள் என்றார். "கலைவாணன் இன்னா நெனச்சிருப்பான் பொன்னி. எல்லாரும் பாத்தாங்கண்ணான்னு சொன்னானே. என்னைத் திருடன்னு நெனச்சிக்கினே என் தட்டுல ரொட்டி துன்னிருக்கான். நெனச்சிக்கினேதான் செத்திருக்கான்."

"ரேணுகாம்மா மேல தப்பு இல்ல."

"உனக்கு இன்னா தெரியும்?"

"நான்தான் மாத்துனேன்."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. சமையல்காரன் ஒருவன் கரண்டியோடு வந்து, இவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். பொன்னியம்மாள் தேக்சாவைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்ல அதிகம் இல்லை. இருபத்தாறு வருஷமாகப் பெரிய பாரமாகக் கிடந்தது, சொல்லும்போது ஏழெட்டு வாக்கியத்தில் முடிந்துபோனது.

தேவசகாயம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கர்னல் ஊட்டம்மாங்க புடவை?"

"அது ரெண்டும் நல்லது."

"அப்போ இவனுது மட்டும்."

"ஆமா."

அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அவர் பைக்கை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எங்கே இருக்கிறது என்று கேட்டார். கம்பளிப் பெட்டியில் என்றாள். போய் எடுத்து வா என்றார். கொண்டுவிடுகிறேன் என்று சொல்லவில்லை.

ஆட்டோ பிடித்துப் போனாள். பட்டப்பகலில் மிலிட்டரி வீட்டம்மா தனியாக ஆட்டோவில் வந்து, கதவைத் திறந்து, வண்டியைக் காக்கவைத்துவிட்டு மஞ்சள் பையோடு திரும்பிப் போனதைத் தெரு பார்த்தது. பிரியாணி பற்றவில்லை போலிருக்கிறது, பாத்திரம் எடுக்க வந்தாள் என்று ஒருத்தி சொன்னாள். பாத்திரத்தை யார் மார்போடு அணைத்துக்கொண்டு போவார்கள் என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். பதில் கிடைக்க அவர்களுக்கு இரண்டு நாள் ஆனது.

மண்டபத்தில் மணப்பெண் அறை என்று ஒன்று இருந்தது. ஆளுயரக் கண்ணாடியும் இரண்டு நாற்காலியும் போட்டிருந்தார்கள். புவனேஸ்வரியை அங்கே உட்காரவைத்துத் தேவசகாயம் கதவோரம் நின்றார். சொல்ல வேண்டியதை அவர் சொல்லட்டும் என்று பொன்னியம்மாள் ஒரு கணம் பார்த்தாள். அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளே சொன்னாள். பையிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். மாம்பழ நிறம் பெட்டியில் வைத்த அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. அரக்குதான் கொஞ்சம் கறுத்திருந்தது. புவனேஸ்வரி இரண்டு கையாலும் எடுத்துப் பிரித்தாள். மடிப்பில் சரசரவென்று ஒரு சத்தம். இருபத்தாறு வருஷமாக ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, மடிந்த இடமெல்லாம் விட்டுப்போயிருந்தது. இன்னொரு மடிப்பைப் பிரித்தாள், அதுவும். கோர்வை மட்டும் விடவில்லை. கரையைப் பிடித்துக்கொண்டு உடம்பு பட்டை பட்டையாகத் தொங்கியது.

"கட்டவே இல்லியா?" என்று கேட்டாள் புவனேஸ்வரி.

"ஒரு வாட்டி. ஊட்டுக்குள்ள."

"நல்லா இருந்துச்சா?"

அதைவிடக் கடினமாக ஒரு கேள்வியை யாராலும் கேட்டிருக்க முடியாது. கேட்டவள் குத்துவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள் என்பது இன்னும் மோசமாக இருந்தது.

"கண்ணாடி சின்னது. முழுசா தெரியல" என்றாள் பொன்னியம்மாள்.

காலைப் பிடித்துக்கொள்ளக் குனிந்தவளைப் புவனேஸ்வரி தோளைப் பிடித்துத் தடுத்தாள். அன்பாக இல்லை, வழியில் நிற்கிற ஆளை நகர்த்துகிற மாதிரி.

"கால வுடுக்கா. எனக்கு அது வேணாம். புடவையும் வேணாம், அது யாருக்கு ஆவும். நான் இன்னிக்கு அந்த மைக்குல நின்னுக்கினு இன்னா சொன்னேன், நீ கேட்ட இல்ல?"

"கேட்டேன்."

"எங்க ஊட்டுக்காரு பொய் சொன்னாருன்னு சொன்னேன். சிரிக்கவும் வச்சேன். அத்தினி பேரும் சிரிச்சாங்க. நான் சிரிச்சது இருபத்தாறு வருசம். அந்தாளு கூட இருந்தவரு பேரு கெடக்கூடாதுன்னு வாய மூடிக்கினு போயிருக்காரு. நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போவல." இப்போது அவள் முகத்தில் சிரிப்பு சுத்தமாக இல்லை. சிரிக்காத முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "கலையறதுக்குள்ள போயி, அதே மைக்குல சொல்லு. அவுரு பொய் சொல்லலன்னு சொல்லு. அது போதும்."

பொன்னியம்மாள் புருஷனைப் பார்த்தாள். அந்த மைக்கில் சொன்னால், இத்தனை வருஷமாக அவர் நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்த மெடல் போய்விடும். அவர் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார்.

உள்ளே பாயசம் ஓடிக்கொண்டிருந்தது. மேடைப்பக்கம் அவள் வருவதைப் பார்த்ததும் ஜான்சன் மைக்கைப் பிடித்து, விருந்து வைத்த காஞ்சிபுரத்து அக்கா இப்போது பாட்டுப் பாடப் போகிறார்கள் என்று அறிவித்தார். கைதட்டல். முதல் வரிசையில் புவனேஸ்வரி வந்து உட்கார்ந்தாள். உடம்பில் ஒரு மாம்பழப் புடவை, மடியில் ஒரு மாம்பழப் புடவை. தேவசகாயம் உட்காரவில்லை, பின்னால், வாசல் பக்கம் நின்றார்.

"மொதல்ல நம்பர் சொல்லணும் அக்கா. ரூல் ரூல்தான்" என்றார் ஜான்சன்.

அந்த நம்பர் அவளுக்குத் தெரியாமல் இல்லை. எத்தனை வருஷம் கடித உறை மேல் எழுதியவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"அது அவுரு நம்பரு. இதுல அவுருக்குச் சம்பந்தம் இல்ல" என்றாள். "என் பேரு பொன்னியம்மாள். கோர்வை இழுக்குறவ."

நல்ல வேடிக்கை ஒன்று வருகிறது என்று நினைத்து இரண்டு பேர் முன்கூட்டியே சிரித்தார்கள்.

"கலைவாணன் பொய் சொல்லல" என்றாள்.

மைக் ஜான்சனின் உயரத்துக்கு நின்றது. அவள் சொன்னது முதல் இரண்டு வரிசையைத் தாண்டவில்லை. கேக்கலைம்மா, சத்தமா சொல்லும்மா என்று பின்னாலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். ஜான்சன் எழுந்து வந்து, கம்பியின் திருகைத் தளர்த்தி, அவள் வாய்க்கு நேராக மைக்கை இறக்கி, ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவள் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.